அவுட்பேஸ் என்று எழுதுவதற்கு முன்

'அவுட்பேஸ்' என்கிற ஆங்கில வினைச்சொல் பொருளாதாரச் செய்தி, நிறுவன அறிக்கை, விளையாட்டு வர்ணனை என்று எங்கே பார்த்தாலும் தட்டுப்படும். "டிமாண்ட் இஸ் அவுட்பேசிங் சப்ளை" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் யாரும் அகராதியைத் தேடிப் போவதில்லை, வந்த இடத்தை வைத்தே பொருள் பிடிபட்டுவிடும். நாமே எழுத உட்காரும்போதுதான் கை நின்றுபோகிறது. பின்னால் 'தேன்' போட வேண்டுமா (தித்திக்கிற தேன் இல்லை, ஒப்பிடும்போது வருகிற ஆங்கிலச் சொல்), இலக்கைத் தாண்டிவிட்டோம் என்பதற்கும் இதையே போடலாமா, 'ஓவர்டேக்' என்பதும் இதுவும் ஒன்றுதானா? நானும் ரொம்ப நாள் இதற்கு 'முந்து' என்று மட்டும் பொருள் வைத்துக்கொண்டு கண்ட இடத்தில் போட்டவன்தான். அதில் பாதி தப்பு என்று பிறகு தெரிந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தச் சுற்றுவழியில் போக வேண்டாம் என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: சொல்லை இரண்டாக உடைத்துப் பாருங்கள்

'பேஸ்' என்றால் காலடி. லத்தீனில் 'பாசுஸ்', அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பேஸ்' ஆனது. ரோமானியர்கள் தூரத்தை இந்தப் பாசுஸில்தான் எண்ணினார்கள். இடது கால், வலது கால் இரண்டும் சேர்ந்தால் அவர்களுக்கு ஒரு பாசுஸ், ஆயிரம் பாசுஸ் சேர்ந்தால் 'மில்லே பாசுஸ்'. இன்றைக்கு நாம் சொல்கிற 'மைல்' அதிலிருந்து வந்ததுதான். காலடி என்ற பொருள் மெல்ல நகர்ந்து, அடி எடுத்து வைக்கிற வேகம் என்றாகிவிட்டது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் 'என் பேஸ் என்ன' என்று கேட்டால் ஒரு கிலோமீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடுகிறேன் என்று அர்த்தம். கிரிக்கெட்டில் பேஸ் பவுலர் என்கிறோமே, அதே பேஸ்தான்.

'அவுட்' என்பதற்கு இங்கே 'வெளியே' என்று பொருள் இல்லை, 'மிஞ்சி' என்று பொருள். ஒரு வினைச்சொல்லின் முன்னால் இது ஒட்டிக்கொண்டால், அந்தச் செயலில் இன்னொருவரை மிஞ்சுவது என்றாகிவிடும். அவுட்ரன் என்றால் ஓட்டத்தில் மிஞ்சுவது, அவுட்செல் என்றால் விற்பனையில் மிஞ்சுவது, அவுட்லிவ் என்றால் ஒருவர் போன பிறகும் உயிரோடு இருப்பது. ஆனால் 'அவுட்' என்று ஆரம்பிக்கிற எல்லாவற்றையும் இந்தக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அவுட்சோர்ஸ், அவுட்லைன், அவுட்புட் மூன்றிலும் இருப்பது பழைய 'வெளியே'தான்.

உச்சரிப்பிலும் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. அவுட்புட், அவுட்லுக் போன்ற பெயர்ச்சொற்களில் 'அவுட்' மேல் அழுத்தம் விழும். அவுட்பேஸ், அவுட்ரன் போன்ற வினைகளில் பின்பாதியை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவுட்-பேஸ், 'பேஸ்' உரக்க. இறந்தகாலத்தை 'அவுட்பேஸ்டு' என்று உகரம் சேர்த்து இழுப்பது நம் நாக்குக்கு இயல்பு. ஆனால் அது 'ட்' என்று சட்டென்று நின்றுவிட வேண்டும். நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஒரு அசை கூடும், 'அவுட்பேசஸ்'.

எழுத்துக்கூட்டும்போது ஓ, யு, டி, பி, ஏ, சி, இ. ஒரே சொல், நடுவில் இடைவெளியும் கிடையாது, கோடும் கிடையாது. இங்கே ஒரு எச்சரிக்கை: 'பி'க்குப் பிறகு தெரியாமல் ஒரு 'எல்' விழுந்துவிட்டால் அது 'அவுட்பிளேஸ்' ஆகிவிடும். அப்படியும் ஒரு சொல் இருக்கிறது என்பதால் எழுத்துப்பிழை திருத்தி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதன் பெயர்ச்சொல் 'அவுட்பிளேஸ்மென்ட்', வேலையைவிட்டு அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கு வேறு வேலை தேடிக்கொள்ள நிறுவனம் செய்துதரும் உதவிக்குப் பெயர். போட்டியாளர்களை வேகத்தில் மிஞ்சப் போகிறோம் என்று எழுத நினைத்து, அவர்களுக்கு மறுவேலை ஏற்பாடு செய்யப் போகிறோம் என்று நான் ஒருமுறை எழுதி அனுப்பியிருக்கிறேன். படித்தவர் நாகரிகமானவர், சிரிக்கவில்லை.

இரண்டாம் படி: இது வேகத்தைப் பற்றிய சொல், இடத்தைப் பற்றியது இல்லை

மற்றதையெல்லாம் மறந்துவிட்டாலும் பரவாயில்லை, இது ஒன்று மனதில் நின்றால் போதும். ஒருவர் இன்னொருவரை அவுட்பேஸ் செய்கிறார் என்றால் அவருடைய வேகம் அதிகம் என்றுதான் பொருள். அவர் முன்னால் இருக்கிறாரா பின்னால் இருக்கிறாரா என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை.

இந்தியா, சீனா மக்கள்தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகளாக இந்தியாவின் மக்கள்தொகை சீனாவைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது, ஆனால் அந்த ஆண்டுகள் முழுக்கச் சீனாதான் பெரிய நாடு. அந்தக் காலத்தைப் பற்றி "இந்தியாஸ் பாப்புலேஷன் க்ரோத் அவுட்பேஸ்ட் சைனாஸ்" என்று தாராளமாக எழுதலாம். ஐ.நா. கணக்குப்படி 2023 ஏப்ரலில், சுமார் 142.5 கோடியைத் தொட்டு, இந்தியா சீனாவைத் தாண்டியது. அந்தத் தாண்டலுக்கு வேண்டிய சொல் 'ஓவர்டேக்', அல்லது 'சர்பாஸ்'. முதலாவது பல பத்தாண்டு நடந்த கதை, இரண்டாவது ஒருமுறை நடந்த சம்பவம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு சின்ன நிறுவனத்தின் வருமானம் 100, பெரிய நிறுவனத்தின் வருமானம் 1000 என்று வைத்துக்கொள்வோம். சின்னது ஆண்டுக்கு 20 சதவீதம் வளர்கிறது, பெரியது 5 சதவீதம். முதல் ஆண்டிலேயே சின்னது பெரியதை அவுட்பேஸ் செய்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டில் சின்னதற்குக் கூடியது 20, பெரியதற்குக் கூடியது 50! இதே விகிதம் மாறாமல் போனால் சின்னது பெரியதைத் தாண்டுவது 18-ஆம் ஆண்டில்தான். பதினேழு ஆண்டுகள் அவுட்பேஸ், பதினெட்டாவதில் ஓவர்டேக். அறிக்கை எழுதுகிறவர்களில் சிலர் இந்த இடைவெளியைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நாங்கள் சந்தையை அவுட்பேஸ் செய்கிறோம் என்று யாராவது மார்தட்டினால், எவ்வளவு சின்ன இடத்திலிருந்து ஆரம்பித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஓட்டப்பந்தயத்திலும் இப்படித்தான். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார், இரண்டாவதாக வந்த டைசன் கே 9.71. இதில் முடிவைச் சொல்ல 'பீட்' போதும், "போல்ட் பீட் கே". ஓட்டத்தின் வேகத்தைப் பற்றிப் பேசும்போதுதான் "போல்ட் அவுட்பேஸ்ட் கே" என்பதற்கு வேலை வருகிறது.

மூன்றாம் படி: வாக்கியத்தில் உட்கார வைப்பது

அமைப்பு எளிது. வேகமானது முதலில், நடுவில் வினை, பின்தங்கியது கடைசியில். "டிமாண்ட் அவுட்பேஸ்ட் சப்ளை." இவ்வளவுதான், இடையில் எந்த ஒட்டும் வேண்டாம்.

அப்படியிருந்தும் நாம் ஏன் 'தேன்' சேர்க்கிறோம்? தமிழில் யோசிப்பதால்தான். "சரக்கு வரத்தைவிடத் தேவை வேகமாக வளர்ந்தது" என்று மனதில் ஓடுகிறது, அந்த 'விட' ஆங்கிலத்திலும் ஒரு இடம் கேட்கிறது, கை தானாகவே "அவுட்பேஸ்ட் தேன் சப்ளை" என்று எழுதிவிடுகிறது. அந்த 'விட' ஏற்கெனவே 'அவுட்' என்ற முன்னொட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட்டால் இரண்டு முறை சொன்னதாகிவிடும். இதே காரணத்தால் 'ஃபாஸ்டர்', 'மோர்' இரண்டும்கூட வேண்டாம். "அவுட்பேஸ்ட் ஃபாஸ்டர்" என்பது வேகமாக வேகமாகப் போனான் என்பது மாதிரி.

அடுத்தது, யாரை என்று சொல்லாமல் விடக் கூடாது. "அவர் கம்பெனி இஸ் அவுட்பேசிங்" (இந்த 'அவர்' தமிழ் இல்லை, 'எங்கள்' என்கிற ஆங்கிலச் சொல்) என்று நிறுத்தினால் படிக்கிறவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். செயப்படுபொருள் இல்லாமல் இந்த வினை நிற்காது. பின்தங்கியதை முன்னால் வைத்துச் சொல்ல வேண்டுமானால் செயப்பாட்டு வினை இருக்கிறது: "சப்ளை வாஸ் அவுட்பேஸ்ட் பை டிமாண்ட்". இலக்கணப்படி சரிதான், ஆனால் எனக்கு இது கொஞ்சம் தூங்குமூஞ்சி வாக்கியமாகத்தான் தெரிகிறது. பின்தங்கியதுதான் உங்கள் கவலை என்றால் "சப்ளை குட் நாட் கீப் பேஸ் வித் டிமாண்ட்" என்று எழுதுங்கள், உயிர் வரும். 'கீப் பேஸ் வித்' என்றால் ஈடுகொடுத்து ஓடுவது, அவுட்பேஸுக்கு மறுபக்கம் இது. இரண்டையும் ஜோடியாகப் படித்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு அதிகம் என்று அழுத்த 'வெரி' உதவாது, வினைக்கு முன்னால் 'ஃபார்' (தூரம் என்கிற ஃபார்) போட வேண்டும்: "டிமாண்ட் ஹேஸ் ஃபார் அவுட்பேஸ்ட் சப்ளை". தொடர்ந்து நடக்கிறது என்றால் 'கன்சிஸ்டன்ட்லி', அப்புறம் 'கன்டின்யூஸ் டு அவுட்பேஸ்', 'இஸ் எக்ஸ்பெக்டட் டு அவுட்பேஸ்' இவை மூன்றும் அறிக்கைகளில் அடிக்கடி வரும். பெயர்ச்சொல் வடிவம் என்று வழக்கில் ஒன்றும் இல்லை, நீங்களாக 'அவுட்பேஸ்மென்ட்' என்று ஒன்றைச் செய்துவைக்காதீர்கள்.

காலம் பற்றிப் பெரிதாகக் குழம்ப வேண்டியதில்லை. ஆண்டைக் குறிப்பிட்டு முடிந்துபோனதைச் சொன்னால் 'அவுட்பேஸ்ட்'. கடந்த பத்தாண்டுகளில் என்று இன்றுவரை நீள்வதைச் சொன்னால் 'ஹேஸ் அவுட்பேஸ்ட்'. இப்போது நடந்துகொண்டிருப்பதற்கு 'இஸ் அவுட்பேசிங்'. அவ்வளவே.

நான்காம் படி: எதிராளியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்

நிற்கிற கம்பத்தோடு யாரும் ஓட்டப்பந்தயம் வைப்பதில்லை. அதுபோல அசையாத ஒன்றை அவுட்பேஸ் செய்யவும் முடியாது. விற்பனை இலக்கு என்பது ஆண்டின் தொடக்கத்தில் எழுதி வைத்த ஒரு எண், அது ஓடாது. அதைத் தாண்டினால் 'எக்ஸீட்' அல்லது 'பீட்'. "வி அவுட்பேஸ்ட் அவர் டார்கெட்" என்று வேலைக்கான விண்ணப்பங்களில் நிறையப் பார்க்கிறேன், படிக்கிறவருக்கு ஏதோ இடறும், எது என்று சொல்லத் தெரியாது. 'எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்ற சொல்லோடும் செய்திகளில் சில சமயம் இதைச் சேர்க்கிறார்கள், பழகுகிற காலத்தில் அதை விட்டுவிடுங்கள்.

ஓடுகிற இரண்டும் ஒரே இனமாகவும் இருக்க வேண்டும். "அவர் சேல்ஸ் அவுட்பேஸ்ட் அவர் ரைவல்ஸ்" என்று எழுதினால் ஒரு பக்கம் விற்பனை ஓடுகிறது, மறுபக்கம் மனிதர்கள் ஓடுகிறார்கள். தமிழிலும் "எங்கள் விற்பனை போட்டியாளர்களைவிட வேகமாக வளர்ந்தது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவதால் இந்தத் தப்பு கண்ணில் படாது. "அவர் சேல்ஸ் க்ரோத் அவுட்பேஸ்ட் தட் ஆஃப் அவர் ரைவல்ஸ்" என்று அந்த 'தட் ஆஃப்' சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

பணவீக்கமும் சம்பளமும் சேர்ந்து வருகிற வாக்கியம் இதில் தனி ரகம். அமெரிக்காவில் 2022 ஜூனில் விலைவாசி, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 9.1 சதவீதம் ஏறியிருந்தது, மணிக்கூலி ஏறியது 5 சதவீதத்தைச் சுற்றித்தான். இதை "இன்ஃப்ளேஷன் அவுட்பேஸ்ட் வேஜஸ்" என்று தலைப்புகளில் எழுதினார்கள். கறாராகப் பார்த்தால் இன்ஃப்ளேஷன் என்பதே ஒரு வேகம், வேஜஸ் என்பது ஒரு தொகை, இரண்டையும் ஒப்பிட முடியாது. "இன்ஃப்ளேஷன் அவுட்பேஸ்ட் வேஜ் க்ரோத்" என்றால்தான் வேகத்துக்கு வேகம். தலைப்பில் இடம் போதாது என்பதால் சுருக்குகிறார்கள், அவர்களை மன்னித்துவிடலாம். நீங்கள் கட்டுரை எழுதும்போது அந்த 'க்ரோத்' இருக்கட்டும்.

ஓடுவது என்று சொன்னதும் கால் முளைத்தவை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். "டெக்னாலஜி இஸ் அவுட்பேசிங் த லா" என்பது இன்று மிகவும் பழகிப்போன வாக்கியம். சட்டமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் மெதுவாக, அதனால் இங்கே சொல் பொருந்துகிறது. கணினித் துறையில் செயலிகளின் வேகம் ஏறிய அளவுக்கு நினைவகத்தின் வேகம் ஏறவில்லை என்பது பழைய தலைவலி, அதற்கும் இதே வினைதான். எல்லாவற்றிலும் மூத்த எடுத்துக்காட்டு ஆங்கிலப் பொருளியலாளர் மால்தஸ் சொன்னது. மக்கள்தொகை 1, 2, 4, 8 என்று பெருகும், உணவு 1, 2, 3, 4 என்றுதான் கூடும், ஆக முதலாவது இரண்டாவதை அவுட்பேஸ் செய்துவிடும் என்று 1798-இல் வாதிட்டார். நடந்தது வேறு. 1960-க்கும் 2000-க்கும் நடுவில் உலக மக்கள்தொகை 300 கோடியிலிருந்து 600 கோடியாக, ஏறத்தாழ இரண்டு மடங்கானது, தானிய விளைச்சலோ இரண்டு மடங்கையும் தாண்டிப் போய்விட்டது. "க்ரோத் இன் க்ரெய்ன் அவுட்புட் அவுட்பேஸ்ட் பாப்புலேஷன் க்ரோத்" என்று அந்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. (அந்த வாக்கியத்தில் இரண்டு 'அவுட்' அடுத்தடுத்து வருகிறது, காதுக்கு நன்றாக இல்லை. அங்கே 'அவுட்புட்' வேண்டாம், 'ப்ரொடக்‌ஷன்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.)

ஐந்தாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

எண்ணிக்கையில் அதிகம் என்றால் அவுட்நம்பர். தரத்திலோ லாபத்திலோ மேல் என்றால் அவுட்பெர்ஃபார்ம். ஒரு வரம்பைத் தாண்டினால் எக்ஸீட். அவுட்ஸ்ட்ரிப் மட்டும் இரண்டு பக்கமும் போகும், வேகத்திலும் மிஞ்சலாம், அளவிலும் மிஞ்சலாம், அதனால் வேகமா அளவா என்று உங்களுக்கே தெளிவில்லாத இடத்தில் அது கைகொடுக்கும். அவுட்க்ரோ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. வளர்ச்சியில் மிஞ்சுவது என்ற பொருளும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அது வருவது, குழந்தை வளர்ந்து சட்டை சின்னதாகிப் போவதற்கும், வயது ஏற ஏற ஒரு பழக்கம் விட்டுப்போவதற்கும். வளர்ச்சி வேகம் என்றால் அவுட்பேஸே பாதுகாப்பு.

ஆறாம் படி: திரும்பத் தமிழுக்குக் கொண்டுவருவது

மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்தப் படிதான் சோதனை. அகராதியில் 'முந்து', 'விஞ்சு', 'மிஞ்சு' என்று கிடைக்கும். மூன்றும் பாதிப் பாதிதான் பொருந்தும். 'முந்து' என்றால் ஆள் முன்னால் போய்விட்டான் என்று கேட்கிறது, அது ஓவர்டேக். 'மிஞ்சு' என்றால் அளவு கூடிவிட்டது என்று கேட்கிறது, அது எக்ஸீட். 'விஞ்சு' திறமைப் பக்கம் சாய்கிறது. "தேவை வரத்தை விஞ்சியது" என்று செய்திகளில் எழுதுகிறார்கள், புரிகிறது, ஆனால் அதில் ஓட்டம் தெரியவில்லை.

நான் செய்வது, வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுவது. "தேவை ஏறுகிற வேகத்துக்கு வரத்து ஈடுகொடுக்கவில்லை." ஆங்கிலத்தில் வென்றது எழுவாய், தமிழில் தோற்றது எழுவாய். நம் மொழி இந்த மாதிரி இடத்தில் பின்தங்கியவரின் பக்கம் நின்று பேசுவதைத்தான் விரும்புகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, மூச்சு வாங்குகிறது, எட்டிப்பிடிக்க முடியவில்லை, ஈடுகட்ட முடியவில்லை என்று அதற்கு எத்தனை வினைகள் பாருங்கள். வென்றதே எழுவாயாக இருக்க வேண்டும் என்றால் 'வேகத்தில்' என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள், "வேகத்தில் மிஞ்சியது" என்றால் குழப்பம் வராது. விளையாட்டு என்றால் "ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ளினார்" நன்றாக இருக்கும். "சட்டம் ஊர்கிறது, தொழில்நுட்பம் ஓடுகிறது" என்று வினையையே உடைத்து இரண்டாகப் போடுவதும் ஒரு வழி, தலைப்புக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, கொஞ்சம் பயிற்சி

கீழே ஐந்து தமிழ் வாக்கியங்கள். எதற்கு அவுட்பேஸ் வரும், எதற்கு வராது என்று விடையைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

1. இந்தக் காலாண்டில் இலக்கைத் தாண்டிவிட்டோம்.
2. வகுப்பில் மாணவர்களைவிட மாணவிகள் அதிகம்.
3. கிருமிகள் எதிர்ப்புத் திறன் பெறுகிற வேகத்துக்குப் புது மருந்துகள் வரவில்லை.
4. போன வருடச் சட்டை குழந்தைக்குப் பிடிக்கிறது, உடம்பில் ஏறவில்லை.
5. கடைசி வளைவில் அவள் எல்லோரையும் தாண்டி முன்னால் வந்தாள்.

முதலாவதில் இலக்கு ஓடவில்லை, 'எக்ஸீடட்'. இரண்டாவது வெறும் எண்ணிக்கை, 'அவுட்நம்பர்'. மூன்றாவதுதான் நம்முடையது, தோற்றது எழுவாயாக இருப்பதால் திருப்பிப் போட வேண்டும்: "ரெசிஸ்டன்ஸ் இஸ் அவுட்பேசிங் த டெவலப்மென்ட் ஆஃப் நியூ டிரக்ஸ்". நான்காவது 'அவுட்க்ரோ'. ஐந்தாவதில் நிறையப் பேர் தடுமாறுவார்கள், ஓட்டம் இருக்கிறது, வேகம் இருக்கிறது, எதிராளிகளும் ஓடுகிறார்கள், எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். ஆனால் வாக்கியத்தில் ஒரு வளைவு இருக்கிறது, அந்த இடத்தில், அந்த ஒரு கணத்தில் நடந்ததைத்தான் அது சொல்கிறது. அதனால் 'ஓவர்டுக்'.